இருபது நிமிடத்தில் பதிமூன்று கிலோமீட்டர்

அத்தியாயம் 3

கீழ்பென்னாத்தூர் பேருந்து நிலையத்தில் கடைசியாக நின்ற பஸ்ஸிலும் ஏறி, சீட்டுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்துவிட்டு இளஞ்செழியன் கீழே குதித்தபோது மணி பத்தே முக்கால். சித்திரை வெயில் மண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"நாலு பஸ், மூணு வேன், ஒரு கல்யாண கோஷ்டி. எல்லாத்தையும் பாத்துட்டேன் மேடம். மணிவேலு இல்ல. கல்யாண கோஷ்டியில ஒரு கலர் குடுத்தாங்க, குடிச்சிட்டேன்."

சந்திரகலா சிரிக்கவில்லை. பதினெட்டு வருஷம் போலீஸில் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரை முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்ட பாவத்துக்கு வேலையை விட்டு, செங்கம் சாலையில் மாடி அறை ஒன்றில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். இளஞ்செழியன் அவருடைய ஒரே உதவியாளன். கம்ப்யூட்டர் படித்தவன். இன்னும் இரண்டு பேப்பர் பாக்கி. வாய்க்கு மட்டும் பாக்கியே கிடையாது.

காலையில் வந்த கேஸ் இது. மணிவேல், வயது அறுபத்து மூன்று, லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாக ஞாபகம் தப்பிக்கொண்டே போகிறது. நேற்றிரவு மனைவி ஜோதியம்மாளோடு பௌர்ணமி கிரிவலம் வந்தவர், விடியற்காலை ஆறு மணி வாக்கில் காணாமல் போய்விட்டார். சர்க்கரை வியாதி வேறு. நேற்று ராத்திரி ஊசி போட்டிருக்கிறது, அதற்கப்புறம் வயிற்றில் ஒரு பருக்கை விழவில்லை. சர்க்கரை இறங்கினால் நின்ற இடத்திலேயே சாய்ந்துவிடுவார் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் அழக்கூட இல்லை. சந்திரகலாவின் கையை மட்டும் விடவேயில்லை.

அவரை ஏன் பஸ்ஸில் தேடினார்கள் என்றால், அதற்கு ஒரு பட்டைதான் காரணம். கிரிவலம் வரும் வயதானவர்கள் தொலைந்துவிடக் கூடாதென்று தன்னார்வக் குழு ஒன்று கையில் பட்டை கட்டி அனுப்புகிறது. பதினாலு கிலோமீட்டர் பாதையில் கிலோமீட்டருக்கு ஒரு பூத். பூத்தில் பட்டையைப் போனுக்குக் காட்டினால் நேரமும் இடமும் பதிவாகிவிடும். மணிவேலின் பட்டை ஆறு பத்துக்கு ஒரு பூத்திலும் ஆறு முப்பதுக்கு இன்னொரு பூத்திலும் பதிவாகியிருந்தது. குழுவின் சாஃப்ட்வேர் கணக்குப் போட்டுச் சொன்ன பதில் இது: கடந்த தூரம் பதிமூன்று கிலோமீட்டர். எடுத்த நேரம் இருபது நிமிடம். வகை, வாகனம்.

யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். போலீஸ் ஒரு பக்கம் டோல்கேட்டில் விசாரித்தது, குழு ஆட்கள் ஒரு பக்கம் பஸ் நிலையங்களில் ஓடினார்கள், இவர்கள் இருவரும் ஸ்கூட்டரில் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் வந்து மூக்குடைபட்டு நிற்கிறார்கள்.

சந்திரகலாவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வண்டியை உதைத்தார்.

"ஏறுடா செழியா. அடி அண்ணாமலையில, பெரியவரு காணாம போன பூத்துப் பக்கத்துல ஒரு ஆட்டோக்காரர மடக்கி வச்சிருக்காங்களாம்."

"அப்பாடா! கிடைச்சிட்டாரா?"

"ஆட்டோக்காரர்தான் கிடைச்சிருக்காரு" என்றார் சந்திரகலா.

அடி அண்ணாமலையில் பிரதான பாதையை விட்டு உள்ளே போகும் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு ஆட்டோவைச் சூழ்ந்து நின்றார்கள். நடுவில் சகாதேவன். நாற்பது வயசு, காக்கிச் சட்டை, கண்ணில் தூக்கமும் பயமும். சாவியை யாரோ பிடுங்கி வைத்திருந்தார்கள்.

"பூத்துக்கு இருநூறு அடியில வண்டி நிக்குது மேடம். பாரிகேடுக்கு உள்ள நின்ன ஒரே ஆட்டோ இதுதான். இவன் இல்லாம வேற எவன் ஏத்துவான்?" என்று ஒருவன் குதித்தான்.

"என் வூட்டு வாசல்ல என் வண்டி நிக்காம, உங்க வூட்டு வாசல்லயாங்க நிக்கும்?" என்றார் சகாதேவன். குரல் உடைந்துவிட்டது. "நேத்து மதியம் பாரிகேடு போட்டாங்க. அதுலேருந்து சக்கரம் உருளல. ரெண்டு நாளு சவாரி போச்சேனு நானே நொந்து போய்க் கிடக்கறேன். பெரியவரக் கடத்தி நான் இன்னா பண்ணப் போறேன், சொல்லுங்க?"

சந்திரகலா ஆட்டோவை ஒரு சுற்றுச் சுற்றினார். வண்டிக்குப் பின்னால் சுவர். முன்னால் தார்ப்பாயில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது, தெருவை அடைத்தபடி, முன் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டு. குனிந்து ஒரு காயை எடுத்து உடைத்து, வேர்க்கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

"இது எப்ப கொட்டினது அண்ணா?"

"நேத்து சாயந்திரம் மேடம். வண்டிதான் எப்படியும் எடுக்க முடியாதே, காயட்டும்னு விட்டுட்டோம்."

"செழியா, இந்தத் தார்ப்பாயில நசுங்கின காய் ஒண்ணு காட்டு, இன்னைக்குச் சாப்பாடு என் செலவு."

இளஞ்செழியன் மண்டியிட்டுத் தேடினான். சாப்பாட்டு விஷயத்தில் அவன் விளையாடுவதில்லை. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டு எழுந்தான். "ஒண்ணுகூட இல்ல மேடம். பறந்து போயிருந்தாத்தான் உண்டு."

"சாவியக் குடுங்க அவருகிட்ட" என்றார் சந்திரகலா கூட்டத்தைப் பார்த்து. யாரும் அசையவில்லை. "குடுங்கன்னு சொல்றேன்ல!"

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. இருந்த ஒரே துப்பும் கையை விட்டுப் போயிற்று. மணி பன்னிரண்டு அடிக்கப் போகிறது. இளஞ்செழியன் முதல் தடவையாக வாட்சைப் பார்த்தான். ஒரு மனுஷன் ஆறு மணி நேரமாக வெறும் வயிற்றோடு எங்கேயோ இருக்கிறான், இவர்கள் மல்லாட்டை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

"மேடம், அப்போ வேற வண்டியா இருக்குமோ?"

"எந்த வண்டிடா?" சந்திரகலாவுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "பௌர்ணமிக்கு விடியற்காலையில இந்த ரோட்டப் பாத்திருக்கியா? ஊசி போட்டா தரையில விழாது. இருபது நிமிஷத்துல பதிமூணு கிலோமீட்டர்னா மணிக்கு முப்பத்தொன்பது. அந்தக் கூட்டத்துல ஆம்புலன்ஸே ஊர்ந்துதான் போகும். அந்தக் கம்ப்யூட்டர் சொன்ன வேகத்துல சாமி தேருகூடப் போனதில்ல."

சொல்லிவிட்டு அவரே நின்றார்.

"நாம வண்டியத் தேடினோம். அந்தப் பதிமூண யாருமே சந்தேகப்படல."

குழுவின் அலுவலகம் அதே ஊரில், வளையல் கடை ஒன்றுக்கு மேலே. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததே தவிரக் காற்று வரவில்லை. மூலையில் ஜோதியம்மாள் உட்கார்ந்திருந்தார். காலையில் அவர் முன்பக்கமாக ராஜகோபுரம் வரை வெறுங்காலோடு ஓடித் தேடியிருக்கிறார். யாரோ பைக்கில் கொண்டுவந்து இங்கே சேர்த்திருக்கிறார்கள். பாதம் இரண்டும் சிவந்து கிடந்தன.

"கிடைச்சாரா?" என்றார். அவர்களோடு வேறு யாரும் வராததைப் பார்த்துவிட்டு மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

லேப்டாப் முன்னால் மதிவதனி. இருபத்தாறு வயசு. சென்னையில் வேலை பார்த்துக்கொண்டு, சொந்த ஊருக்கென்று சம்பளமில்லாமல் அந்த சாஃப்ட்வேரை எழுதியவள். காலையிலிருந்து அதையே வெறித்துக்கொண்டிருக்கிறாள்.

"தூரத்த எப்படிக் கணக்குப் போடுது, அதக் காட்டும்மா" என்றார் சந்திரகலா.

"புரோகிராம் கோடு உங்களுக்கு..." என்று இழுத்தாள் மதிவதனி.

"புரியலன்னா இவன் இருக்கான். காட்டு."

திரையில் ஒரு வரி. சந்திரகலா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார்.

"தூரம், ஈக்வல் டு, இப்போதைய இடம், மைனஸ், முந்தைய இடம்." நிமிர்ந்தார். "அட, எனக்கே புரியுதே! ஆனா இடத்துலேருந்து இடத்த எப்படிக் கழிப்ப? அடி அண்ணாமலையிலேருந்து செங்கம் ரோட்டக் கழிச்சா இன்னா வரும்?"

"டிராஃபிக் ஜாம்" என்றான் இளஞ்செழியன். முறைப்பு கிடைத்ததும் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "மேடம், கம்ப்யூட்டருக்கு எண்ணுலேருந்து எண்ணக் கழிக்கத்தான் தெரியும். 'இடம்'னு ஒரு புது வகைய நாமளா உண்டாக்கி, ரெண்டு இடத்துக்கு நடுவுல கழித்தல் குறி போட்டா அது முழிக்கும். அப்ப நாமளே சொல்லித் தரலாம், ரெண்டு இடத்துக்கு நடுவுல இந்தக் குறி வந்தா இந்த வேலையச் செய்யினு. ஆபரேட்டர் ஓவர்லோடிங்னு பேரு."

"மனுஷனுக்குப் புரியற மாதிரி சொல்லு."

"பாலும் பாலும் கூட்டினா ஜாஸ்தி பால். தரிசன க்யூவும் க்யூவும் கூட்டினா நீளமான க்யூ. குடும்பமும் குடும்பமும் கூட்டினா சம்பந்தி சண்டை. குறி ஒண்ணுதான். எதுக்கு நடுவுல நிக்குதோ அதுக்கேத்த வேலை."

"இது இல்லன்னா ஒவ்வொரு எடத்துலயும் முழ நீளத்துக்கு எழுதணும் மேடம்" என்றாள் மதிவதனி. தன் வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் முகத்தில் கொஞ்சம் உயிர் வந்தது. "கழித்தல்னா இன்னான்னு ஒரே ஒரு எடத்துல எழுதிட்டேன். தூரம், வேகம், வாகனமா நடையா எந்தப் பட்டியல்ல சேக்கறது, எல்லாமே அந்தக் குறியத்தான் கேக்கும். படிக்கறவங்களுக்கும் நாம பேசற மாதிரியே இருக்கும்."

"இருக்கு. அதனாலதான் எனக்கு இந்தச் சந்தேகமே வருது. நீ முழ நீளத்துக்கு எழுதியிருந்தா நான் தலையாட்டிட்டுப் போயிருப்பேன்." சந்திரகலா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "அந்த ஒரு எடத்தக் காட்டு. கழித்தல் குறிக்கு நீ இன்னா சொல்லிக் குடுத்திருக்க?"

மதிவதனி இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "முந்தைய பூத்துலேருந்து புறப்பட்டு, மலைய வலமா சுத்திட்டே வந்து, இப்போதைய பூத்தத் தொடற வரைக்கும் எவ்ளோ தூரம்னு எண்ணச் சொல்லியிருக்கேன்."

"வலமா மட்டும்?"

"ஆமாம் மேடம். மலைய யாரும் எடமா சுத்த மாட்டாங்களே."

சொன்ன வேகத்தில் திரும்பித் தன் வரியையே மறுபடி படித்தாள்.

"பதினாலுல பதிமூணு போனா இன்னா மீதி?" என்று மெதுவாகக் கேட்டார் சந்திரகலா.

"ஒண்ணு" என்றான் இளஞ்செழியன். "ஒரு கிலோமீட்டர். இருபது நிமிஷம். வயசானவங்க நடக்கற வேகம்."

எந்த வண்டியும் இல்லை, எந்தக் கடத்தலும் இல்லை. ஒன்பதாவது பூத்தில் ஆறு பத்துக்கு இருந்த மனிதர், எட்டாவது பூத்துக்குத் திரும்பி நடந்து வந்திருக்கிறார். அவ்வளவுதான்! லட்சம் பேர் ஒரு பக்கமாக வந்துகொண்டிருந்த பாதையில் ஒரே ஒருவர் எதிர்ப்பக்கமாக. இந்த ஊரில் பிறந்த ஒருத்தருக்கும் அப்படி ஒரு நடை இருக்கக்கூடும் என்று தோன்றவில்லை. எழுதியவளுக்கும் தோன்றவில்லை, நம்பியவர்களுக்கும் தோன்றவில்லை.

மதிவதனி அந்த ஒரு இடத்தில் நாலு வரி மாற்றினாள்: இரண்டு பக்கமும் எண்ணிப் பார், எது கம்மியோ அதை எடு, பின்பக்கம் என்றால் பின்பக்கம் என்றே சொல். வேறு எதையும் தொடவில்லை. ஓடவிட்டதும் தூரம் மாறியது, வேகம் மாறியது, மணிவேல் வாகனப் பட்டியலில் இருந்து நடைப் பட்டியலுக்குத் தாவினார். அவர் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு வரி: பின்னோக்கி நடக்கிறார்.

"அப்புறம்? எட்டுக்கு அப்புறம் எந்த பூத்து?" என்றார் சந்திரகலா.

"இல்ல மேடம். கூட்டம் முன்னாடி நகர்ந்துடும்னு ஏழு வரைக்கும் இருந்த பூத்தையெல்லாம் ஆறு மணிக்கே எடுத்துட்டோம்." மதிவதனி லேப்டாப்பை மூடிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். "இதுக்கு மேல அது ஒண்ணும் சொல்லாது மேடம். நான் எழுதின ஒரு குறியால அவர ஆறு மணி நேரமா எல்லாரும் தப்பான பக்கம் தேடிட்டு இருந்திருக்காங்க."

மூலையில் இருந்து ஜோதியம்மாளின் குரல் வந்தது.

"எதுக்குங்க அவரு திரும்பி நடக்கணும்?"

சந்திரகலா அவர் பக்கத்தில் போய்த் தரையிலேயே உட்கார்ந்தார். "ஆறு மணிக்கு நீங்க எங்க இருந்தீங்க அக்கா?"

"பூத்துக்குப் பின்னால கொழாயடி. மொகம் கழுவிட்டு வரேன், இங்கயே நில்லுங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அஞ்சு நிமிஷம்கூட ஆவல. ஆளக் காணோம். முன்னாடி போயிட்டாருன்னு நெனச்சி நானும் ஓடினேன்."

"நீங்க சொன்னத அவரு மறந்துட்டாரு. பக்கத்துல உங்களக் காணோம். பின்னால தங்கிட்டீங்கன்னு நெனச்சிருக்காரு."

ஜோதியம்மாள் முன்னால் ஓடியிருக்கிறார், மணிவேல் பின்னால் நடந்திருக்கிறார். ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டே விலகிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"அவரு என்னத் தேடிட்டுப் போயிருக்காரா?" என்றார். அப்புறம்தான் அழுதார். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வந்தது.

"அக்கா, அழாம ஒண்ணு சொல்லுங்க. எங்க நடக்க ஆரம்பிச்சீங்க? செருப்ப எங்க கழட்டி விட்டீங்க?"

"செங்கம் ரோட்டு முனையில, ஒரு டீக்கடையில."

"நீங்க எங்க சுத்தினாலும் செருப்புக்கு வந்துதானே ஆகணும்? அது அவருக்குத் தோணியிருக்கும். வண்டி! வண்டி!"

வண்டி சகாதேவனுடையது. காலையில் இருந்து ஊரே திட்டிய மனுஷன், கேட்டதும் ஸ்டார்ட் செய்து, காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டை மேலேயே வண்டியை ஏற்றினார். பாரிகேடுகளை எடுத்துவிட்டிருந்தார்கள். ஜோதியம்மாளும் சந்திரகலாவும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தபடி வந்தார்கள். நடக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார்கள். ஒருவரும் அவரில்லை.

டீக்கடை ஓரத்தில் செருப்புகள் குவிந்து கிடந்தன. ஜோதியம்மாள் கிளறிப் பார்த்து ஒரு ஜோடியைக் கையில் எடுத்தார். ஆண்கள் செருப்பு.

"இது அவருது. என்னோடதக் காணோம்."

கடைக்காரம்மா பாய்லருக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார். "நீங்கதான் ஜோதியா? ஒம்பது மணிக்கே ஒருத்தரு வந்தாரே. டீ குடிங்கன்னேன், வேணாம்னுட்டாரு. பொம்பளச் செருப்ப மட்டும் எடுத்துக்கினு, வெயில் ஏறுது, ஜோதி வெறுங்கால்ல வருவான்னு சொல்லிட்டு மறுபடி அந்தப் பக்கமே நடந்துட்டாரும்மா."

அந்தப் பக்கம் என்றால் இவர்கள் இப்போது வந்த பக்கம். வந்த வழியிலேயே அவரைத் தாண்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்! நடக்கிறவரைத் தேடினார்கள், உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கவில்லை. இளஞ்செழியன் கடையில் ஒரு ஆரஞ்சுக் கலரைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஆட்டோவில் தொற்றினான். ஜோக் எதுவும் வாயில் வரவில்லை.

மூன்று கிலோமீட்டர் தள்ளி, சாலையை விட்டு இறங்கி ஒரு புங்கமரம். அதன் அடியில் ஒரு மனிதர் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது, கை நடுங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் கொப்புளம். மடியில் ஒரு ஜோடி பழைய செருப்பு.

ஜோதியம்மாள் ஆட்டோ நிற்பதற்குள் குதித்துவிட்டார். "என்னங்க!"

மணிவேல் நிமிர்ந்து பார்த்தார். யாரையோ பார்க்கிற மாதிரி, மரியாதையாகப் பார்த்தார்.

"யாரும்மா? இந்தப் பக்கம் எங்க வூட்டுக்காரி வந்தாளா? ஜோதின்னு பேரு. செவப்பா, ஒசரமா இருப்பா."

ஜோதியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். சந்திரகலா ஒரு அடி முன்னால் வைத்தார், அப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். எத்தனையோ கேஸ் பார்த்தவர். இளஞ்செழியன் அவரை இப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்று பார்த்ததே இல்லை. கலரைத் திறந்து அவன் மணிவேலிடம் நீட்டினான்.

அவர் பாதி குடித்துவிட்டு நிறுத்தினார். மீதியைக் கவனமாகப் பக்கத்தில் வைத்தார். "அவளுக்கு. தாகமா வருவா."

"அவளுக்கு நான் வேற வாங்கித் தரேன்" என்றார் ஜோதியம்மாள். குரல் எங்கிருந்து வந்ததோ, நேராக இருந்தது. "நீங்க முழுசாக் குடிங்க. குடிச்சிட்டு வண்டியில ஏறுங்க. சேந்து தேடலாம்."

அதற்கு அவர் சம்மதித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். எழுந்திருக்க சகாதேவன் கை கொடுத்தார். ஆட்டோவில் ஏறப் போன மணிவேல் தயங்கி, தார்ச் சாலையில் நின்றுகொண்டிருந்த ஜோதியம்மாளின் காலைப் பார்த்தார்.

"வெறுங்கால்ல நிக்கறியேம்மா. சுடலியா?"

"சுடுது."

அவர் கையில் இருந்த செருப்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது.

"இது அவளுதும்மா. குடுக்க முடியாது. கோச்சிக்காத."

"கோச்சிக்கலங்க" என்றார் ஜோதியம்மாள்.